சாமுராய்ச் சண்டை: அம்பு, கல்லு, பற்றுச்சீட்டு

1638 ஆம் ஆண்டு. ஜப்பானின் தெற்கில் ஷிமாபாரா என்ற பகுதியில் வரிக்கொடுமையும் மத ஒடுக்குமுறையும் தாங்க முடியாமல் விவசாயிகளும் கிறிஸ்தவர்களும் கிளம்பி, ஹாரா என்ற கைவிடப்பட்ட கோட்டைக்குள் புகுந்திருந்தார்கள். அவர்களை அடக்க அரசு அனுப்பிய பெரும்படையோடு மியமோத்தோ முசாஷியும் போனார். 'வாகபொண்ட்' மங்கா வாசித்த ஆக்களுக்கு இந்தப் பெயரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 60க்கு மேற்பட்ட ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைகளில் தான் ஒருக்காலும் தோற்கவில்லை எண்டு பிறகு தானே எழுதிவைத்த வாள்வீரர்.

அந்த முற்றுகையின்போது முசாஷி ஒரு பிரபுவுக்கு எழுதின கடிதம் இண்டைக்கும் இருக்கிறது. மேலேயிருந்து விழுந்த கல்லு காலில் பட்டு, எழும்பி நிற்க ஏலாமல் கிடக்கிறேன் எண்டு அதில் சொல்கிறார். கோட்டை மதிலுக்கு மேலே நிண்ட யாரோ ஒரு ஊர்ச்சனம் உருட்டிவிட்ட கல்லு. எறிஞ்ச ஆளுக்குத் தான் யாரை விழுத்தினது எண்டு கடைசிவரைக்கும் தெரிஞ்சிருக்காது.

இந்தக் கடிதத்தைப் பற்றி முதன்முதல் வாசித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், சாமுராய்ப் போர் எண்டு நாங்கள் மனதில் வைத்திருக்கிற படத்தில் கல்லுக்கு இடமே இல்லை. அந்தப் படத்தில் இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். காற்றில் புல்லு அசையும். ஒரே வீச்சு, ஒருத்தர் விழுவார், மற்றவர் வாளைத் துடைத்து உறைக்குள் போடுவார். 'த லாஸ்ட் சாமுராய்' படத்தில் ரொம் குறூஸ் பழகினதும், 'கோஸ்ற் ஒஃப் சூஷிமா' விளையாட்டில் நாங்கள் இரவிரவாகப் பழகினதும் இதைத்தான். உண்மையான போர்க்களத்தில் என்ன நடந்தது எண்டு தெரிந்துகொள்ள எங்களுக்கு வேறு ஆதாரங்கள் உண்டு. ஏனெண்டால் சாமுராய்கள் சண்டை முடிஞ்ச கையோடு உட்கார்ந்து கணக்கு எழுதின ஆக்கள்.

14 ஆம் நூற்றாண்டில் இருந்து இப்படியான போர் அறிக்கைகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. எந்த நாள், எந்த இடத்தில் நிண்டேன், எனக்கு எங்கே காயம், அது ஆழமானதா மேலோட்டமானதா, என் ஆட்களில் யார் செத்தது, குதிரைக்கு என்ன நடந்தது, இதற்கெல்லாம் சாட்சி யார். வரிசையாக எழுதித் தளபதியிடம் குடுக்க வேணும். அவர் பார்த்து, ஏற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வைத்துத் திருப்பித் தருவார். பிறகு சன்மானம் கேட்கப் போகும்போது அந்தக் கடதாசிதான் ஆதாரம். வாசிக்க வீரகாவியம் மாதிரி இருக்காது. காப்புறுதிக் கொம்பனிக்கு நிரப்பிக் குடுக்கிற படிவம் மாதிரி இருக்கும்.

தோமஸ் கொன்லான் என்ற வரலாற்றாசிரியர் அந்த நூற்றாண்டின் ஆவணங்களை எடுத்துக் காயங்களை எண்ணிப் பார்த்தார். எதனால் பட்ட காயம் எண்டு தெரிகிற இடங்களில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு அம்புக்காயம். வாள்காயம் காற்பங்கு அளவு. ஈட்டி மிகக் குறைவு. இந்தக் கணக்கில் ஒரு சின்னச் சிக்கலும் இருக்கு: அறிக்கை எழுதினவன் உயிரோடு தப்பினவன். அம்பு பட்டுக் குதிரையால் விழுந்தவனை வாளோடோ குத்துவாளோடோ முடிச்சுவிட்டால், அவன் தன் காயத்தைப் பற்றி எழுத வரப்போவதில்லை. எப்படியெண்டாலும் சண்டையைத் தொடக்கினது அம்புதான். அந்தக் காலத்தில் போர்வீரனுடைய தொழிலுக்கே 'வில்லும் குதிரையும்' எண்டுதான் பெயர். வாளைச் சொல்லி அந்தத் தொழிலுக்குப் பெயர் வைக்கவில்லை.

வில்லு 2 மீற்றருக்கு மேல் உயரம். பிடி நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கமாக இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு 25, 30 கிலோ கவசத்தோடு குதிரையில் இருக்க வேணும். குதிரை எண்டதும் திரைப்படக் குதிரையை நினைக்க வேண்டாம். காமகுராவில் கிண்டி எடுத்த மத்தியகாலக் குதிரை எலும்புகளை அளந்து பார்த்ததில் தோள் உயரம் சராசரி 130 சென்ரிமீற்றர் அளவுதான் வந்தது. இண்டைக்கு அதைப் போனி எண்டுதான் சொல்வோம். அந்தப் பாரத்தோடு அது கனதூரம் பாய்ந்து ஓடாது. ஆகவே கிட்டப் போய், கவசத்தில் இடைவெளி தெரிகிற இடம் பார்த்து எய்ய வேணும்.

இந்தக் கணக்குப் புத்தியை விளங்கிக்கொள்ள ஒரு மனிதனுடைய கதை போதும். பெயர் தக்கெசாகி சுவேநாகா. கியூஷூ தீவில் ஹிகோ என்ற பகுதியைச் சேர்ந்தவர். 1274 இல் மொங்கோலியர்கள் கொரியாவில் இருந்து கப்பலில் வந்து, சூஷிமா, இக்கி என்ற தீவுகளைப் பிடித்துப்போட்டு ஹகாத்தா குடாவில் இறங்கினார்கள். சுவேநாகாவுக்கு அப்போது 29 வயது. காணி வழக்கொண்டு தீராமல் இழுபட்டதால் கையில் வசதி இல்லை. மற்ற ஆக்கள் நூறு குதிரையோடு வந்து நிற்க, இவரோடு வந்தது மொத்தம் 5 பேர்.

5 பேரோடு மொங்கோலியப் படையை என்ன செய்யலாம்? ஒண்டும் செய்யேலாது. அது அவருக்கே தெரியும். முன்னுக்குப் போய் முதல் ஆளாகப் பாய்ந்து, பார்க்கிற ஆக்களின் கண்ணில் படுவதுதான் ஒரே வழி எண்டு முடிவெடுக்கிறார். போகிற வழியில் தளபதியிடம் 'நான் முதலாவதாகப் பாய்ந்ததை மேலிடத்துக்குச் சொல்லுங்கோ' எண்டும் கேட்டு வைக்கிறார். பாய்ந்தார். குதிரை அம்புபட்டு விழுந்தது. அவரும் கூட வந்தவர்களில் 3 பேரும் காயம். அந்த நேரத்தில் ஷிரோயிஷி மிச்சியாசு என்பவர் நூற்றுச் சொச்சம் குதிரையோடு வந்து காப்பாற்றியிருக்காவிட்டால் கதை அங்கேயே முடிஞ்சிருக்கும். காப்பாற்றினவரும் காப்பாற்றப்பட்டவரும் ஆளுக்காள் சாட்சியானார்கள். சண்டைக்கு நடுவிலும் அதை மறக்கவில்லை.

மொங்கோலியர் திரும்பிப் போனார்கள். சன்மானம் வரவில்லை. சுவேநாகா தன் குதிரைகளையும் சேணங்களையும் வித்து வழிச்செலவுக்குக் காசு எடுத்துக்கொண்டு, இரண்டே இரண்டு வேலையாட்களோடு தலைநகர் காமகுராவுக்குப் புறப்பட்டார். போகாதே எண்டு சொந்தக்காரர் மறித்தும் கேட்கவில்லை. ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல். போய்ச் சேர்ந்தால், ஆளின் கோலத்தைப் பார்த்து அதிகாரிகள் ஒருத்தரும் முகம் குடுக்கவில்லை. கிழமைக் கணக்கில் அலைஞ்சு, கடைசியில் சன்மானத்துக்குப் பொறுப்பான அடாச்சி யசுமோரியைச் சந்திக்கிறார். எத்தனை தலை எடுத்தாய் எண்டு கேள்வி. தலை எடுக்கவில்லை, ஆனால் முதலில் பாய்ந்தது நான்தான் எண்டு பதில். தளபதியைக் கேட்டுப் பாருங்கோ, நான் சொன்னது பொய்யெண்டால் என் தலையை எடுங்கோ எண்டு விடாப்பிடியாக நிண்டார். கடைசியில் யசுமோரி இறங்கிவந்து, ஒரு ஊரின் காணிப் பொறுப்பையும் ஒரு குதிரையையும் குடுத்து அனுப்பினார்.

1281 இல் மொங்கோலியர் திரும்ப வந்தபோது இதே ஆள், தனக்கு உத்தரவு இருக்கெண்டு பொய் சொல்லி வேறொருத்தரின் படகில் தொற்றிக்கொண்டார். தலைக்கவசம் பின்னால் தன் ஆட்களிடம் இருந்தது. கால்முன்னுக்குக் கட்டுகிற தகட்டைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு எதிரிக் கப்பலில் ஏறினார். இந்தமுறை தலை எடுத்தார்.

இவ்வளவும் எங்களுக்கு எப்படித் தெரியும்? பிறகு அவரே படம் வரைவித்து, கதையும் எழுதுவித்து வைத்த சுருள்கள் இருக்கின்றன. குதிரையில் இருந்து இரத்தம் சீற, தலைக்கு மேலே மொங்கோலியரின் வெடிகுண்டு வெடிக்கிற அந்தப் பிரபலமான படம் அதில் வருவதுதான். அந்தக் குண்டு பிறகு சேர்த்த கற்பனை எண்டு சந்தேகப்பட்ட ஆக்களும் இருந்தார்கள். பிறகு தகாஷிமா தீவுக்குப் பக்கத்தில் கடலுக்கு அடியில் இருந்தே அப்படியான குண்டுகளை எடுத்தார்கள்.

'கோஸ்ற் ஒஃப் சூஷிமா' விளையாட்டின் கதையே ஒளிஞ்சிருந்து தாக்குவது மானக்கேடா இல்லையா என்ற கேள்வியில்தான் நிக்குது. சுவேநாகாவிடம் இதைக் கேட்டால் முழிப்பார் எண்டு நினைக்கிறேன். 1281 இல் ஜப்பானியப் படையாட்கள் இருட்டில் சின்னப் படகுகளில் போய் மொங்கோலியக் கப்பல்களில் ஏறி வெட்டிப்போட்டு ஓடி வந்தார்கள். இரவுத் தாக்குதல், வீடுகளுக்கு நெருப்பு வைப்பது, பதுங்கியிருந்து அடிப்பது எல்லாம் அந்தத் தொழிலின் வழமையான பகுதிதான்.

மொங்கோலியரை விரட்டினதில் பிரிச்சுக் குடுக்கப் புதுக் காணி ஒண்டும் கிடைக்கவில்லை. சண்டைக்குப் போன ஆக்கள் வெறுங்கையோடு இருந்தார்கள். காமகுரா அரசு மேல் ஏற்பட்ட வெறுப்புக்கு இதுவும் ஒரு காரணம். 1333 இல் அந்த நகரம் விழுந்தது. 1950களில் கடற்கரையோரம் ஸாய்மோகுசா என்ற இடத்தில் கிண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒரே குவியலாக வந்தன. அந்தச் சண்டையில் செத்தவர்கள் எண்டுதான் ஆய்வாளர்கள் கருதினார்கள். மண்டையோடுகளில் வாள்வெட்டு அடையாளம். சில எலும்புகளில் நாய் கடிச்ச அடையாளம்.

தலைக்கு வருவோம். எதிரியின் தலைதான் மிகப் பெறுமதியான ஆதாரம். ஆனால் இதில் ஒரு நடைமுறைப் பிரச்சினை இருந்தது. தலையை வெட்டினவன் அதைக் காட்டப் பின்னுக்கு வந்தால் சண்டைக்கு ஆள் குறைகிறது. கையில் தொங்கவிட்டுக்கொண்டு தொடர்ந்து சண்டை பிடிக்கவும் ஏலாது. 1338 இல் கோ நோ மொரோநாவோ என்ற தளபதி இதற்கு ஒரு சட்டம் கொண்டுவந்தார்: தலையை வெட்டு, பக்கத்தில் நிற்கிறவனுக்குக் காட்டு, அங்கேயே எறிஞ்சுபோட்டு முன்னேறு.

கொண்டுவந்த தலைகளைக் கழுவி, தலைவாரி, பெயர்ச்சீட்டுக் கட்டி, பிரபுவுக்கு முன்னால் வரிசையில் வைப்பார்கள். இந்த வேலையைச் செய்தது கோட்டைக்குள் இருந்த பெண்கள். அதில் ஒருத்தி வயதான பிறகு தன் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொன்ன கதை எழுத்தில் வந்திருக்கிறது. அவவை ஓஅன் எண்டு அழைக்கிறார்கள். 1600 இல் செக்கிகஹாராப் போர் நேரம் ஒகாக்கி கோட்டைக்குள் இருந்த இளம்பெட்டை. தகப்பன் தோற்ற பக்கத்து வீரர்.

பெண்கள் எல்லாரும் மேல்மாடியில் கூடியிருந்து துவக்குச் சன்னம் வார்த்தார்களாம். தங்கள் பக்கத்து ஆக்கள் வெட்டிக் கொண்டுவந்த தலைகளும் அங்கேதான் வந்து சேரும். பல்லைக் கறுப்பாக்குவது அந்தக் காலத்தில் உயர்ந்த ஆக்களின் அடையாளம். அதனால் வெள்ளைப் பல்லோடு வருகிற தலைகளுக்குக் கறுப்புப் பூசித் தரச்சொல்லிப் படையாட்கள் கேட்பார்கள். சாதாரண ஆளின் தலையை அதிகாரியின் தலையாக்கினால் சன்மானம் கூட. தலைகளைப் பார்த்துப் பயமே வரவில்லை, இரத்த வெடிலுக்குள்ளேயே அந்தத் தலைகளுக்கு நடுவில் படுத்து நித்திரை கொண்டோம் எண்டு ஓஅன் சொல்கிறா. 14 வயதுத் தம்பிக்கு வெடி பட்டு, அவவின் கண்ணுக்கு முன்னாலேயே துடிச்சுச் செத்தான். தகப்பன் ஒருகாலத்தில் இயேயாசுவுக்கு எழுத்துப் பழக்கினவர் என்றபடியால், தப்பிப் போ எண்டு அம்பில் கட்டி ஒரு கடிதம் வந்தது. கயிறு கட்டி மதிலால் இறங்கி, ஒரு தொட்டியில் ஏறி அகழியைக் கடந்தார்கள். கொஞ்சத் தூரம் போகத் தாய்க்குப் பிள்ளை பிறந்தது. வயல் தண்ணியில் குழந்தையைக் கழுவித் துணியில் சுத்திக்கொண்டு, தாயைத் தகப்பன் தோளில் தூக்க, தொடர்ந்து நடந்தார்கள்.

வெளியே நடந்த செக்கிகஹாராப் போரைத் தான் புத்தகங்கள் விபரிக்கின்றன. எனக்கு அதில் பிடிச்ச இடம் ஒரு சாப்பாட்டுப் பெட்டி. மோரி குடும்பத்தின் பெரிய படை மலையில் நிண்டது. அவர்களுக்கு முன்னால் நிண்ட சொந்தக்காரர் ஏற்கனவே எதிரியோடு இரகசியமாகக் கதைத்து முடித்திருந்ததால் அசையவில்லை. ஏன் இறங்கவில்லை எண்டு பக்கத்துப் படை கேட்டபோது, ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறார்கள் எண்டு பதில் போனதாம். இல்லாத சாப்பாட்டைச் சொல்லிச் சமாளிச்ச இந்தக் கதை ஜப்பானில் பழமொழி மாதிரி நிலைச்சுவிட்டது. இன்னொரு பக்கம் 19 வயதுக் கோபயகவா ஹிதேயாகி போர் நடக்க நடக்கக் கட்சி மாறினார். ஜப்பானின் அடுத்த 250 வருடத்தைத் தீர்மானித்த சண்டை, காலையில் மூடுபனிக்குள் தொடங்கிப் பின்னேரத்துக்குள் இப்படி முடிஞ்சது.

இந்த நேரத்தில் போர்க்களத்தில் நிண்டவர்களில் கனபேர் குதிரைவீரர் இல்லை. அஷிகாரு எண்டு சொல்கிற காலாட்கள், ஊர்ப் பொடியள். கையில் 5, 6 மீற்றர் நீள ஈட்டி. அதைக் குத்துவதை விட, எல்லாரும் சேர்ந்து தூக்கி எதிரியின் தலையில் ஓங்கி அடிப்பதற்குப் பாவித்தார்கள். 1543 இல் போர்த்துக்கீசர் தனேகஷிமா தீவில் கொண்டுவந்து இறக்கின துவக்கு, கொஞ்சக் காலத்தில் அம்பின் இடத்தைப் பிடிச்சது. 1575 இல் நாகஷினோவில் நொபுனாகாவின் துவக்குக்காரர் 3 வரிசையாக மாறிமாறிச் சுட்டுத் தகேதா குதிரைப்படையை அழித்தார்கள் எண்டு பாடப்புத்தகம் வரைக்கும் வந்துவிட்டது. நொபுனாகாவிடம் வேலை பார்த்த ஓத்தா கியூஇச்சியின் குறிப்பில் அந்த 3 வரிசைக் கதை இல்லை. பிறகு ஒருத்தர் எழுதின சுவாரசியமான புத்தகத்தில்தான் அது வருகுது. துவக்கும் மரவேலியும் வேலை செய்தது உண்மை, ஆனால் சண்டை விடியத் தொடங்கிப் பின்னேரம் வரைக்கும் இழுபட்டது.

காலாட்களின் நாளாந்த வாழ்க்கையைப் பார்க்க 'சோஹ்யோ மொனோகத்தாரி' எண்டு 17 ஆம் நூற்றாண்டுக் கைநூல் ஒண்டு இருக்கு. ஷிமாபாராவை அடக்கின தளபதியின் மகன் எழுதினதாகக் கருதப்படுவது. அதில் மானம் வீரம் பற்றி அதிகம் இல்லை. வயிறு பற்றி நிறைய இருக்கு. எதிரியின் ஊரில் கிணத்துத் தண்ணி குடிக்காதே, மலத்தைப் போட்டுவைத்திருப்பார்கள். தாகம் எடுத்தால் ஊறுகாய்ப் பிளம் பழத்தைப் பார், தின்னாதே, பார்த்தாலே வாயூறும். சேப்பங்கிழங்குத் தண்டை மிசோவில் அவிச்சுக் கயிறாகத் திரிச்சு மூட்டை கட்டு. பசிச்சால் அந்தக் கயிறை வெட்டித் தண்ணியில் போட்டால் சூப். படையாட்களுக்கு ஒரேயடியாகப் பத்து நாள் அரிசியைக் குடுத்துவிடாதே, குடிகாரர் அதில் சாராயம் வடிச்சுக் குடிச்சுப்போட்டுப் பட்டினி கிடப்பார்கள். எழுதினவர் ஆட்களை வடிவாக அறிஞ்சவர்.

பிறகு எங்கேயிருந்து வந்தது அந்த வாளும் மரியாதையும்? அமைதியில் இருந்து வந்தது. 1588 இல் ஹிதேயோஷி ஊர்ச்சனத்திடம் இருந்து வாள்களைப் பறித்த பிறகு, இரண்டு வாளைச் செருகிக்கொண்டு நடப்பது சாமுராய் எண்டு காட்டுகிற அடையாளம் ஆகிவிட்டது. சாவைப் பற்றி அவ்வளவு கதைக்கிற 'ஹககுரே' நூலின் யமமோத்தோ த்சுனெத்தோமோ 1659 இல் பிறந்தவர். ஷிமாபாரா முடிஞ்சு 21 வருடம். ஒரு போரையும் கண்ணால் காணாத ஆள். பார்த்தது அலுவலக வேலை. 'புஷிதோ' எண்ட சொல்லை உலகம் அறியச் செய்த நித்தோபே இனாஸோவின் புத்தகம் 1900 இல் வந்தது. சாமுராய் வகுப்பையே ஒழிச்ச பிறகு, அமெரிக்காவில் இருந்து, ஆங்கிலத்தில், வெளிநாட்டு வாசகருக்காக எழுதினது. அந்தப் புத்தகங்களை வாசிக்க வேண்டாம் எண்டு நான் சொல்லவில்லை. போர்க்களத்தைத் தெரிஞ்சுகொள்ள அதைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

ஊர்களுக்கு நடந்ததை அந்தப் புத்தகங்களில் தேடினால் கிடைக்காது. 16 ஆம் நூற்றாண்டில் படைக்குப் பின்னால் போன கனபேருக்குக் கொள்ளைதான் சம்பளம், பொருளும் மனுசரும். 1566 இல் உயெசுகி கென்ஷின் பிடிச்ச ஓதா கோட்டைக்குப் பக்கத்தில் ஆக்களை இருபது முப்பது செப்புக்காசுக்கு வித்தார்கள் எண்டு அந்தக் காலக் குறிப்பொண்டு சொல்லுது. கென்ஷின் நீதிமான் எண்டு இண்டைக்கும் தொலைக்காட்சித் தொடர்களில் புகழப்படுகிறவர். 1597 இல் ஹிதேயோஷியின் படை கொரியாவுக்குள் போனபோது தலைகள் கனதி எண்டு மூக்குகளை வெட்டி உப்பிட்டு அனுப்பினார்கள். இத்தனை மூக்குப் பெற்றுக்கொண்டோம் எண்டு அதிகாரிகள் எழுதிக்குடுத்த பற்றுச்சீட்டுகள் பாதுகாப்பாக இருக்கின்றன. மூக்குகளைப் புதைத்த மேடு கியோத்தோவில் இருக்கு. வெட்டப்பட்ட எல்லா மூக்கும் படையாளின் மூக்கா எண்டு பற்றுச்சீட்டில் எழுதியிருக்காது. படையோடு போன கெய்நென் என்ற பிக்கு, ஆண், பெண், கிழவர், சிறுவர் எண்டு பார்க்காமல் கழுத்தில் கயிறு கட்டி வியாபாரிகள் இழுத்துப்போனதைத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

ஊர்ச்சனமும் சும்மா இருக்கவில்லை. தோற்று ஓடுகிற சாமுராயை மடக்கிக் கொண்டு, கவசத்தை உரிஞ்சு எடுப்பது வழமை. நொபுனாகாவைக் கவிழ்த்த அக்கெச்சி மித்சுஹிதே 1582 இல் தோற்று ஓடும்போது இப்படி ஊர்க்காரர் கையில்தான் முடிஞ்சார் எண்டு சொல்லப்படுகிறது. குரோசாவாவின் 'செவன் சாமுராய்' (1954) பார்த்தவர்களுக்கு அந்த இடம் ஞாபகம் இருக்கும்: ஒளிச்சு வைச்ச கவசங்களை மிஃபுனே தூக்கிக்கொண்டு வர, மற்ற சாமுராய்கள் முகம் கறுத்துப் போவார்கள். விவசாயி நரிப்புத்திக்காரன்தான், ஆனால் அவனை அப்படி ஆக்கினது யார் எண்டு மிஃபுனே கத்துவார். சாமுராய்ப் படங்களிலேயே உண்மைக்கு மிகக் கிட்டப் போன காட்சி எண்டு நான் சொல்வது அதைத்தான். அதில் ஒரு வாளும் வீசப்படுவதில்லை.

1615 இல் ஒசாக்கா கோட்டை விழுந்ததை வரைஞ்ச மடிப்புத் திரை ஒண்டு அந்தக் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கு. வென்ற பக்கத்தில் நிண்ட குரோதா குடும்பத்தில் இருந்து வந்தது. 5000க்கு மேற்பட்ட ஆக்களை அதில் வரைஞ்சிருக்கிறார்கள். வலதுபாதி நாங்கள் எதிர்பார்க்கிற படம்: கொடிகள், ஈட்டி வரிசைகள், குதிரைகள், பளபளக்கிற கவசங்கள். இடதுபாதியில் நகரத்துச் சனம் ஓடுகிறது. மூட்டை தூக்கினவர்கள், பிள்ளை தூக்கினவர்கள், ஆற்றுக்குள் இறங்கினவர்கள். ஒரு இடத்தில் படையாட்கள் மூட்டையைப் பறிக்கிறார்கள். இன்னொரு இடத்தில் ஒரு பெண்ணின் கையைப் பிடிச்சு இழுக்கிறார்கள்.